அனுப்புபவர் குறிப்பு

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நானும் வாண்டும் சுகம். உன் இருமல் நின்றதா, இல்லை நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாயா? சலவை ஆலையில் நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு அப்படியே குளிர்காற்றில் தலையைக் காட்டாதே என்று சொல்வது இது பத்தாவது தடவை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் வீடு ஒரே அறை. நான் போனை எடுத்ததுமே உன் மருமகள் வாண்டு பென்சிலை நோட்டில் ஊன்றிக்கொண்டு காதை என் பக்கம் திருப்பிவிடுகிறாள். ஒன்பது வயதுக்கு இந்தக் காது கொஞ்சம் அதிகம். ஆகவே வழக்குச் சமாசாரம் எல்லாம் இனி கடிதத்தில்தான். பதிலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்குப் போடு.

விஷயம் இதுதான். உன் அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக நீ இருக்கும் நாட்டுக்கு வந்து நான்கு வருடம். பணம் அனுப்புவதை நிறுத்தி இரண்டரை வருடம். மாதாமாதம் பிள்ளைச் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று இங்கே நீதிமன்றம் போட்ட உத்தரவு என் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. உத்தரவு இங்கே, ஆள் அங்கே. சட்ட உதவி வக்கீலம்மா சொல்கிறார்: "இதை அந்த நாட்டு அமலாக்க ஆபீசுக்கு அனுப்பலாம்மா. அவங்க பதிவு பண்ணி, அவர் சம்பளத்துலயே புடிச்சு உங்களுக்கு அனுப்புவாங்க. ஆனா அவர் எங்க குடியிருக்கார், எங்க வேலை பாக்கறார், ரெண்டும் நீங்கதான் சொல்லணும்."

படிவத்தில் அந்த இரண்டு கட்டம்தான் காலி. நீ இருப்பது அதே ஊர். கண்டுபிடித்துக் கொடு.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வாடகை ஏறிவிட்டது. வருடக் கடைசிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் நான் வெளியூர் லென்ஸ் தொழிற்சாலையில் தங்கி வேலை செய்ய வேண்டியதுதான். அங்கே பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வாண்டை விடுதியில் விடவேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போயே போய்விட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

தாமதத்துக்குத் திட்டாதே. ஆலையில் புது இஸ்திரி இயந்திரம் வந்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு சூடான உருளை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் ஈரமாக நீட்டினால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு. என்னைத்தான் அதில் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி ஒரு முசுடு. ஒரு சுருக்கம் தெரிந்தாலும் போதும், "உன் கல்யாணத்துக்கு விரிப்பு நான் தேய்ச்சுத் தரேன்டா, நீ தேய்க்காத" என்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைக்கிறேன்.

அத்தானைப் பார்த்தேன். சுகமாக இருக்கிறார். முகவரியும் கம்பெனி பெயரும் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வக்கீலம்மாவிடம் கொடுத்துவிடு.

இன்னொன்று. மாதாமாதம் கொஞ்சம் என் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வங்கிக் கணக்கில் ஏதோ சிக்கலாம். அதனால் பணம் அனுப்பும் சீட்டில் என் பெயர் இருக்கும், பணம் அவருடையது. நீ கவலைப்படாமல் இரு.

தம்பி


ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். முதுகு தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை செய்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

பணம் வந்தது. வாங்கப் போனபோது வாண்டும் கூட வந்தாள். கவுன்ட்டரில் கொடுத்த சீட்டில் "அனுப்புபவர் குறிப்பு" என்ற இடத்தில் "வாண்டுக்கு, அப்பா" என்று அச்சாகியிருந்தது. அதை மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை எனக்குப் படித்துக் காட்டினாள். இப்போது அது அவள் ஜியாமெட்ரி பெட்டிக்குள், காம்பஸுக்கு அடியில் இருக்கிறது. பள்ளியில் யார் யாருக்குக் காட்டினாளோ தெரியாது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாண்டு என்பது நீ வைத்த பெயர். அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இப்போது மாறிவிட்டாரா, நீ எடுத்துக் கொடுத்தாயா? போகட்டும். அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லையே. இஸ்திரி இயந்திரத்துக்கு ஏழெட்டு வரி, உன் அத்தானுக்கு இரண்டு வார்த்தை. அவளைப் பற்றிக் கேட்டாரா? ஆள் இளைத்திருக்கிறாரா? எதற்குக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

படிவம் போய்விட்டது. பணம் வருகிறதே, இனி எதற்கு என்று ஒரு மனது சொன்னது. வக்கீலம்மா விடவில்லை.

பதிலை நீட்டி எழுது.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நினைக்கிறேன்.

அத்தான் அதிகம் பேசுகிற ஆளா என்ன? நான் பேச்சுவாக்கில் வாண்டு என்று சொன்னேன், அதையே எழுதச் சொல்லிவிட்டார். உன் கடிதம் வந்ததிலிருந்து பாப்பா என்றுதான் எழுதச் சொல்கிறேன். போன மாதமும் இந்த மாதமும் அனுப்பியது வந்திருக்கும். ஆள் இளைக்கவில்லை.

நான் இப்போது இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். ஆலையில் ஆள் குறைவு. வேறு காரணம் ஒன்றுமில்லை.

வாடகை கொடுத்தாயா? விடுதிப் பேச்சை வாண்டிடம் எடுக்காதே. எடுக்க வேண்டியிருக்காது.

தம்பி


ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இரண்டு ஷிப்ட் என்கிறாயே, தூங்குகிறாயா இல்லையா?

வாண்டுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. நான் எழுதுவதற்குள் உங்கள் ஊர்ச் சீட்டு முந்திக்கொண்டது: "பாப்பாவுக்கு. புதுப் பல் இதைவிட வெள்ளையாக வரும். அப்பா." அவள் போனில் உன்னிடம் சொல்லி, நீ அவரிடம் சொல்லியிருப்பாய். அவரிடம் எங்களைப் பற்றி நீ பேசுகிறாய் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல் தம்பி. இவ்வளவு வருடம் கல்லைப் போல இருந்த மனுஷன் பல்லுக்கு இரண்டு வரி எழுதுகிறார். சிரிக்காதே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உத்தரவு அங்கே பதிவாகிவிட்டதாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாள் நிரப்பித் தரவேண்டும். "பணம் வருகிறதா?" என்று கேட்டிருந்தது. வருகிறது என்று எழுதினேன். "யார் மூலம்?" என் தம்பி மூலம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உனக்குப் பெண் பார்க்கலாமா? இல்லை, மேஸ்திரி விரிப்பு தேய்த்துத் தரட்டும் என்று காத்திருக்கிறாயா?

அக்கா


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நலம்தான். இந்த மாதம் பணம் வராது. அத்தானுக்குச் செலவு. அடுத்த மாதம் பார்க்கலாம். வாண்டிடம் ஏதாவது சொல்லிவை.

அந்தத் தாளில் என் பெயரை எழுதாமல் இருந்திருக்கலாம்.

தம்பி


ஆகஸ்ட் 26

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவை உண்மையாக எழுது.

அமலாக்க ஆபீசிலிருந்து வக்கீலம்மாவின் மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் 20 தேதி. நான் நிரப்பிய தாளை அவருக்குக் காட்டி, இப்படிப் பணம் கொடுத்து வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஆமாம் என்றிருக்கிறார். மைத்துனர் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆகவே "கொடுக்க வேண்டியவர் தானாகவே கொடுத்து வருவதால் சம்பளத்தில் பிடிக்க அவசியமில்லை. அறுபது நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் கோப்பு மூடப்படும்." வக்கீலம்மா வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வருடக் கடைசியோடு அவருக்கு அங்கே ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்காமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அந்த நாட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். "அவர் நகர்றதுக்கு முன்னாடி புடிச்சாத்தான் உண்டும்மா" என்கிறார்.

போனில் கேட்டேன். "சத்தம் கேக்கல அக்கா" என்று வைத்துவிட்டாய். எனக்கு நன்றாகக் கேட்டது.

உன் கடைசிக் கடிதத்தைப் பழைய கடிதங்களோடு கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உன் வலது கைக்கு என்ன ஆயிற்று? அவர் உண்மையிலேயே கொடுத்தாரா? கடிதம் போய்ச்சேரப் பத்து நாள், வரப் பத்து நாள். அறுபதில் அதைக் கழித்துவிட்டு எழுது.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அவர் ஒரு காசு கொடுக்கவில்லை. எல்லாம் என் சம்பளம்.

மார்ச்சில் அவர் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். நாலாவது மாடி. கதவுக்கு வெளியே ஒரு குழந்தைத் தள்ளுவண்டி மடித்து வைத்திருந்தது, அதன் கைப்பிடியில் சின்னதாக ஒரு ஜோடி காலுறை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பி வந்திருக்கலாம். மணியை அடித்தேன். அவர் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். "எனக்கு இங்க ஒரு குடும்பம் இருக்குடா. ரெண்டு பக்கமும் என்னால முடியாது. உங்க அக்கா கெட்டிக்காரி, சமாளிச்சுப்பா" என்றார். நான் வாண்டைப் பற்றிச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் அக்கா, முழுதும் இவ்வளவுதான்.

உன்னிடம் இதை எப்படி எழுதுவது? ஒரு வாரம் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உத்தரவு வந்து அவர் சம்பளத்தில் பிடிக்கிற வரைக்கும் நாம் கொடுத்துச் சமாளித்துவிடலாம், அப்புறம் அக்காவுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது, "அப்பா" என்று எழுதிவிட்டேன். வாண்டு போனில், "மாமா, அப்பா எனக்கு எழுதினாரு தெரியுமா" என்று கத்தினாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

ஜூலைக் கடைசியில், இரண்டாவது ஷிப்டில் கண் சொருகி, வலது கை விரிப்போடு உருளைக்கடியில் போய்விட்டது. மேஸ்திரிதான் இயந்திரத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். விரல்கள் இருக்கின்றன. தோல் ஆறிக்கொண்டு வருகிறது.

நான் நல்லது செய்வதாக நினைத்து அவர் கையில் ஒரு ரசீதைக் கொடுத்துவிட்டேன். என்ன செய்யவேண்டும் என்று சொல், செய்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். மருந்தை நேரத்துக்குப் போடு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியெல்லாம் திட்டுதான்.

நீ யார் எனக்கு அவர் வேஷம் போட? நான் கேட்டது இரண்டு கட்டத்துக்கு விவரம். அவர் இல்லாமல் வாழ எனக்கு எப்போதோ பழகிவிட்டது. நீதான் மறுபடி அவரைக் கொண்டுவந்து வீட்டுக்குள் உட்கார வைத்தாய். பல்லுக்கு எழுதிய இரண்டு வரிக்கு நான் அழுதேனே, யாருக்காக அழுதேன்? நான் பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவளாகவும் ஆனேன். ஐந்து மாதமாகத் தம்பியின் சோற்றைப் பிடுங்கி வாடகை கட்டியிருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

அந்தக் குழந்தையைப் பற்றி வக்கீலம்மாவிடம் சொன்னேன். அதைக் காட்டி அவர் தொகையைக் குறைக்கக் கேட்கலாமாம். குறைக்கட்டும். அதற்கும் பசிக்கும்தானே. ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை இல்லாமல் ஆக்க முடியாது.

இனி செய்யவேண்டியது: நான் இங்கே திருத்த மனு கொடுத்துவிட்டேன். நீ அமலாக்க ஆபீசுக்கு நேரில் போய், பணம் உன்னுடையது என்று உறுதிமொழி எழுதிக்கொடு. பொய் எழுதியதையும் சேர்த்துச் சொல், மறைக்காதே. சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கொண்டு போ. அக்டோபர் 19 கடைசி.

வாண்டிடம் நானே சொன்னேன். வேறு யார் வாயிலாவது கேட்கக்கூடாது என்று. விடுதியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஜியாமெட்ரி பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்துவிட்டு, பள்ளிக்கு ஸ்கேலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு பிரித்துவிட்டார்கள். இதை வலது கையால்தான் எழுதுகிறேன், சாய்மானத்தைப் பார்த்துக்கொள். நீயும் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்?

எட்டாம் தேதி போனேன். சின்ன அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு பெண் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். அத்தானையும் வரச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ஏன்டா மச்சான், குடும்ப விஷயத்த ஆபீஸ்ல வந்து பேசுவாங்களா?" என்றார். "வாண்டும் குடும்பம்தானே அத்தான்" என்றேன்.

பொய்யெழுதினேன் என்று நானே சொன்னபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவற்றை மேசையில் பரப்பினார். இரண்டாவது ஷிப்ட் சம்பளம் வந்த மறுநாளெல்லாம் பணம் போயிருக்கிறது. பிறகு அத்தானிடம் கேட்டார்: "ஆகஸ்ட்ல நீங்க ஏன் குடுக்கல?" அத்தான், "மறந்துட்டேன்" என்றார். அதிகாரி என் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து ஆகஸ்ட் மாத இடத்தில் வைத்தார். அத்தான் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்சேபம் பதிவாகிவிட்டது. முடிவு எழுத்தில் வருமாம். எப்போது என்று சொல்லவில்லை.

வாண்டு போனுக்கு வருவதில்லை. கூப்பிட்டுக்கொடு என்று நானும் கேட்கவில்லை.

தம்பி


டிசம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். கை முழுக்க மடக்க வருகிறதா?

இரண்டு மாதம் உனக்கு எழுதவில்லை. கோபமும் இருந்தது, எழுத விஷயமும் இல்லை. தபால்காரர் கடைப் பக்கம் வந்தாலே லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். போன வாரம் தொழிற்சாலைக்காரர்கள் கடைசியாகக் கேட்டார்கள், வருகிறாயா இல்லையா என்று. நாலு நாள் தவணை கேட்டேன். விடுதிக்கு ஒரு பை வாங்கி அதில் வாண்டு பெயரைக்கூடத் தைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது. அவர் கம்பெனியிலிருந்து, சம்பளத்தில் பிடித்தது. உத்தரவில் இருப்பதைவிடக் குறைவுதான். பாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்களாம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறாராம், அந்தக் குழந்தைக்காக இருக்கும். எந்தப் பிள்ளையால் என்றாலும் சரி, ஆள் நகரவில்லை. வாடகை கட்டிவிட்டேன். தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

சீட்டில் குறிப்புக் கட்டம் காலி. வெறும் எண் மட்டும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இதோடு உன் மருமகள் எழுதியது ஒன்று இருக்கிறது. என்னைப் படிக்க விடவில்லை. ஒட்டித்தான் கொடுத்தாள். என்ன எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொள்.

அக்கா


மாமாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம்.

நீங்கள் அனுப்பிய சீட்டு ஐந்து என்னிடம் இருந்தது. அதில் நான்கை இதில் வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் பாப்பாவுக்கு என்று இருக்கிறது. அது நீங்கள் அப்பா மாதிரி எழுதியது. எனக்கு வேண்டாம். நான் அதை என் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். இப்போது அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? எனக்கு உங்கள் மேல் ரொம்பக் கோபம்.

முதல் சீட்டை அனுப்பவில்லை. அதில் வாண்டுக்கு என்று இருக்கிறது. அப்பா என்ற வார்த்தையை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு மாமா என்று எழுதிவிட்டேன். அது பெட்டியில் இருக்கிறது. பெட்டியைப் பள்ளிக்கு எடுத்துப் போகிறேன்.

உங்கள் கை வலிக்கிறதா?

வாண்டு